வாய் என்னுடையது

2024 ஜனவரி 23, செவ்வாய்

கல்விக் கந்தோரில் முழு நாளும் ஆசிரியர்களின் விடுமுறைப் படிவங்கள். மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: தொடர் எப்ப தொடங்குது அக்கா? திங்கள், ஏழு மணிக்கு என்று பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல எனக்கே பிடித்திருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

முப்பத்தைந்து வருடம் மேடை. சுனாமிக்குப் பிறகு முகாம் முகாமாகத் தெருநாடகம் போட்டோம். ரீவியில் இதற்கு முன் இரண்டே இரண்டு தடவை. இரண்டும் சிங்களத் தொடர்கள், இரண்டிலும் வேலைக்காரி. ஒன்றில் மூன்று வசனம், மற்றதில் தேத்தண்ணித் தட்டம். இப்போது ஐம்பத்து நாலு வயதில் ஒரு தமிழ்த் தொடரில் முக்கியமான தாய், அன்னலட்சுமி. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள்.

அந்த அன்னலட்சுமிக்காக லீவு போட்டு வெருகல் பக்கம் போய் ஒரு கிழமை இருந்தேன். கரைவலை இழுக்கும் வீடுகளில் பெண்கள் எப்படிக் கதைக்கிறார்கள், எந்தச் சொல்லை இழுக்கிறார்கள், கோபம் வந்தால் எதை விழுங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரு கொப்பி நிறைந்தது. இயக்குநர் நிசாந்தன் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுதான் எனக்கு வேணும்" என்றான். இருபது வயதில் எங்கள் குழுவுக்கு வெளிச்சம் பிடிக்க வந்தவன். இப்போது கொழும்பில் பெரிய ஆள். என்னை மறக்கவில்லை. அது போதும்.

ஜனவரி 29, திங்கள்

அது என் குரல் இல்லை.

ஜனவரி 30, செவ்வாய்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

ஏழு மணிக்கு இவரும் நானும், பக்கத்து வீட்டார் நாலு பேரும். அன்னலட்சுமி கரையில் நிற்கிறாள். நான்தான். நடை என்னுடையது, சேலை இடுப்பில் செருகிய விதம் என்னுடையது. மகன் வருகிறான். வாயைத் திறக்கிறேன். "தம்பி, சோறு திண்டனியோ?" - நான் சொன்னது அதுதான். ரீவியிலிருந்து வந்தது: "ஏம்பா, சாப்ட்டியா?"

சென்னைத் தொடர்களில் வரும் தாய்மாரின் குரல். தேன் தடவின மாதிரி. என் வாய் அசைகிறது, வேறு ஒருத்தி கதைக்கிறாள்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, எப்படி இப்பிடிக் கதைக்கப் பழகினீங்கள்?" என்று கேட்டாள். மெச்சித்தான் கேட்டாள்! இவருக்குத் துறைமுக வேலையில் ஒரு காது போய்விட்டது. இருந்தும் இவர்தான் பிடித்தார். "ராசம், அது நீர் இல்லை" என்றார். எழும்பிப்போய் ரீவியை நிற்பாட்டினார். வந்தவர்கள் பிளேன்ரீயை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரி 31, புதன்

நிசாந்தன் ஏழு தடவைக்குப் பிறகுதான் போனை எடுத்தான்.

சனல்காரர் சொல்லிவிட்டார்களாம். தொடர் இந்தியாவுக்கும் போக வேண்டுமாம், வெளிநாட்டுச் சனத்துக்கும் விளங்க வேண்டுமாம். பிள்ளைகள் படித்த பாத்திரங்கள், அவர்களுடைய தமிழ் பொதுவாக இருக்கிறதாம். அன்னலட்சுமியின் பேச்சுத்தான் ஒருவருக்கும் பிடிபடாதாம். அப்படியென்றால் எதற்கு என்னை வெருகலுக்கு அனுப்பினாய் என்று கேட்டேன். உடல்மொழிக்கு உதவியது என்றான். உடல்மொழி!

"முதலே சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொன்னால் நீங்கள் நடிச்சிருக்கமாட்டியள் அக்கா."

அவ்வளவுதான். என்னை நன்றாகத் தெரிந்து வைத்துத்தான் செய்திருக்கிறான். தெரியாதவன் செய்திருந்தால் இப்படி எரியாது.

பெப்ரவரி 6, செவ்வாய்

சந்தையில் மூன்று பேர் குரலைப் புகழ்ந்தார்கள். ஒருத்தி, "ரீவியில கதைக்கிற மாதிரி ஒருக்காக் கதையுங்கோ" என்றாள். கத்தரிக்காயை வாங்காமலே வந்துவிட்டேன்.

பெப்ரவரி 14, புதன்

மத்தியானம் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. ஒரு பெண்.

"மிஸ், என்ர பேர் றிஷானா. உங்களுக்குக் குரல் குடுக்கிற ஆள் நான்தான்."

எனக்குக் குரல் இருக்கிறது பிள்ளை, உன்னுடையதை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வெட்டினேன். திரும்ப அழைத்தாள். நான் எடுக்கவில்லை.

எதற்கு மிஸ் என்றாள்? நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை.

பெப்ரவரி 24, சனி

செய்ததை எழுதுகிறேன். வெட்கப்படவில்லை.

உட்துறைமுகப் பக்கம் படப்பிடிப்பு. மூத்த மகன் வெளிநாடு போகிற காட்சி. அன்னலட்சுமி அவனைக் கட்டிப்பிடித்து ஒரு பக்க வசனம் பேசி அழ வேண்டும். எப்படியும் என் குரலை எறியத்தானே போகிறார்கள்? கமரா ஓடியது. நான் மகனின் முகத்தைக் கையில் ஏந்தினேன். கண்ணீர் தன்பாட்டில் வந்தது, அதில் பொய் இல்லை. வாயால் சொன்னேன்: "படிவம் ஒன்று, இரண்டு பிரதிகள். அதிபரின் கையொப்பம் கட்டாயம். நிசாந்தன் ஒரு கள்ளன். மருத்துவச் சான்றிதழ் இணைக்கவும்."

மகனாக நடிக்கிற பெடியன் சிரித்துவிட்டான். ஒலிக்காரன் காதிலிருந்ததைக் கழற்றினான். நிசாந்தன் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, நீங்கள் ஒரு கலைஞரோ என்று கேட்டான். ஓம், நான்தான் இங்கே கலைஞர், நீ வெளிச்சம் பிடிக்க வந்தவன் என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாது. வெளிச்சம் பிடிக்கிறது என்ன கேவலமான வேலையா? ஆனால் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

அடுத்த இருபத்திரண்டு பாகங்களுக்கான வசனத்தாள் வந்தது. அன்னலட்சுமிக்கு வசனம் இல்லை. பாரிசவாதம். குசினிக்குள் விழுகிறாள், பேச்சுப் போய்விடுகிறது, படுக்கை.

வாயை மூடச் சொல்வதற்கு எவ்வளவு வழி இருக்கிறது பார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், விட்டு வர ஏலாது. இவர், "போகாதையும், வாறதை நான் பாக்கிறன்" என்றார். வழக்குப் போடுவார்கள் என்றேன். போடட்டும் என்றார்.

இல்லை. போவேன். கட்டிலில் கிடந்தாலும் கமரா என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கட்டும்.

மார்ச் 18, திங்கள்

படுக்கைக் காட்சிகள், ஒன்பது மணி நேரம்.

அம்மா இப்படித்தான் எட்டு மாதம் கிடந்தா. வலது கண் மட்டும் எங்கள் பின்னால் வரும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் அதே கண்தான், ஆனால் எனக்கு வித்தியாசம் தெரியும். அந்தக் கண்ணை இன்று எடுத்துப் போட்டேன். நிசாந்தன் கட் சொல்ல மறந்துவிட்டான். ஒப்பனைக்காரப் பிள்ளை மூலையில் நின்று அழுதாள்.

எனக்குச் சந்தோஷமில்லை. அம்மாவின் கண்ணை எடுத்து இவர்களுக்குக் கொடுத்துவிட்டேனே என்றிருந்தது. யாருக்குக் காட்ட? எதை நிரூபிக்க?

ஏப்ரல் 2, செவ்வாய்

நாடே அழுகிறதாம். மீன் சந்தையில் ஒரு கிழவர் இரண்டு பாரைக்குட்டியை அதிகமாகப் போட்டுவிட்டு, "இப்ப கை கொஞ்சமாவது எழும்புதோ பிள்ளை?" என்று கேட்டார். மீன்பையைத் தூக்கிக் காட்டினேன்.

முப்பத்தைந்து வருடம் வாய் கிழியப் பேசினேன். பெயர் கிடைத்தது பேசாமல் கிடந்ததற்கு. யாரில் கோபிப்பது என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருட விடுமுறை. பத்து மணியளவில் கதவு தட்டிக் கேட்டது. இவர்தான் திறந்தார். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது மதிக்கலாம், சாம்பல் நிற அபாயா, கையில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம். "நான் றிஷானா, மிஸ்."

வாசலோடு அனுப்பத்தான் நினைத்தேன். இவர் அதற்குள் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டார்.

தோப்பூராம்! இங்கிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். சென்னைக் குரல் என்று மூன்று மாதமாகத் திட்டினேன். அவள் மூதூருக்கு அங்கால் பிறந்தவள். கொழும்பில் பத்து வருடமாகக் குரல் கொடுக்கிற வேலை. மா விளம்பரம், வங்கி விளம்பரம், கார்ட்டூன் எல்லாம் செய்வாளாம்.

என்னுடைய முகம் என்று தெரியாமல்தான் ஒப்புக்கொண்டதாகச் சொன்னாள். திரையில் பார்த்ததும் நிசாந்தனிடம், இவவுடைய குரலே நல்லாயிருக்கிறதே என்று கேட்டாளாம். உன் வேலையைப் பார் என்றானாம். அதைச் சொல்லத்தான் மாசியில் போன் எடுத்தாள். நான் வெட்டினேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தோப்பூரில் பிறந்துவிட்டு வாயில் சென்னையை வைத்துக்கொண்டு திரிய உனக்குக் கூச்சமில்லையா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

"2008இல பாடசாலை நாடகப் போட்டிக்கு நீங்கள்தான் நடுவர் மிஸ். எனக்குப் பதினாறு வயசு. நான்தான் எங்கட நாடகத்தில பெரிய பாத்திரம். நடிப்புக்கு நல்ல புள்ளி போட்டு, கீழ எழுதியிருந்தீங்கள்: உச்சரிப்பு மோசம், இந்தப் பேச்சு மேடைக்கு ஆகாது எண்டு. பரிசளிப்பில அதை மைக்கிலயும் சொன்னீங்கள். மண்டபம் முழுக்கச் சிரிச்சுது."

அதற்குப் பிறகுதான் ரீவியைப் பார்த்துப் பார்த்துப் பேச்சை மாற்றினாளாம்: ஆட்களோடு கதைக்க எங்களுடைய தமிழ், மைக்குக்குச் சென்னைத் தமிழ். நன்றாக மாறிவிட்டது, அதையே தொழிலாக்கினாள்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். அன்னலட்சுமி ஊமையான நாளிலிருந்து அவளுக்கு அந்தத் தொடரில் வேலை இல்லையாம். அதனால்தான் மாத முடிவு வரை ஊரில் நிற்கிறாள்.

ஏப்ரல் 15, திங்கள்

என் வீட்டுக்கு வந்து, என் கதிரையில் இருந்து, என்னைக் குற்றம் சொல்லிவிட்டுப் போகிறாள். பதினாறு வருடத்துக்கு முந்திய கதை! ஒரு நாளில் பதினைந்து நாடகம் பார்ப்போம், எல்லாப் பிள்ளைக்கும் ஏதோ எழுதுவோம். எனக்கு அவள் முகம்கூட ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

நான் அப்படி எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன். மைக்கில் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். சனம் சிரித்தால் எனக்கு இன்னும் இரண்டு வசனம் வரும், அது எனக்குத் தெரியும். வெருகலுக்குக் கொப்பியோடு போனவள் நான். அந்தப் பிள்ளை கொப்பி இல்லாமலே தன் ஊர்ப் பேச்சைக் கொண்டுவந்து மேடையில் நின்றிருக்கிறாள். நான் வேண்டாம் என்றிருக்கிறேன்.

நிசாந்தன் பூட்டிய அறைக்குள் வைத்து என் குரலை எடுத்தான். நான் அவளுடையதை மைக் பிடித்து எடுத்திருக்கிறேன்.

வட்டிலப்பத்தை இவர் சாப்பிட்டார். நான் தொடவில்லை.

ஏப்ரல் 27, சனி

தோப்பூருக்குப் போய் வந்தேன். இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூரில் இறங்கி அடுத்த பஸ். அறுவடை முடிந்த வயல். சந்தைக்குப் பின்னால் வீடு. இரண்டு பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்தேன்.

றிஷானாவின் உம்மா, ஸல்ஹா, என்னை அன்னலட்சுமியாகத்தான் வரவேற்றார். நான் நடந்து வருவதைப் பார்த்து அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிறகு றிஷானா உள்ளேயிருந்து வந்து, "உம்மா, இவதான் அந்த நடுவர் மிஸ்" என்றாள். அந்த மனுஷியின் முகத்தில் சந்தோஷம் அப்படியே நின்றுபோனது.

ஏசவில்லை. மகள் அன்று போட்டியிலிருந்து வந்து மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை என்றும், பிறகு கதைத்தபோது வீட்டுக்குள் வேறு யாரோ வந்து கதைக்கிற மாதிரி இருந்தது என்றும் மெதுவாகச் சொன்னார். தன் பிள்ளையின் பேச்சைத் தான் கேட்டுப் பதினாறு வருடமாம். மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

நான் சொல்ல நினைத்துப் போனது பெரிதாக இருந்தது, பஸ்ஸில் ஒத்திகை கூடப் பார்த்தேன். வாயில் வந்தது இரண்டே வசனம்: "நான் பிழை விட்டிட்டன் பிள்ளை. உன்ர பேச்சில ஒரு குறையும் இருக்கேல்லை."

"சரி எண்டு சொல்ல எனக்கு வருகுதில்லை மிஸ்" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது, அவள் சரி என்று சொல்லாததில் எனக்குக் கோபம் வந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். மன்னிப்புக் கேட்டவுடன் கையில் தந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல.

ஜூன் 11, செவ்வாய்

நிசாந்தன். குரலில் சீனி. அன்னலட்சுமியைச் சனம் கேட்கிறதாம், குணமாக்கப் போகிறார்களாம், புது ஒப்பந்தம் அனுப்புகிறானாம். பேச்சும் திரும்புமாம்.

யாருடைய பேச்சு என்று கேட்டேன்.

"அது... பழைய மாதிரித்தான் அக்கா. சனத்துக்கு அந்தக் குரல் பழகிப்போச்சு."

என் குரலில் என்றால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

ஜூன் 12, புதன்

ஒன்று உறைக்கிறது. நான் என் குரலில் பேசினால் றிஷானாவுக்கு அந்த வேலை போய்விடும்.

போன் எடுத்து அவளிடமே சொன்னேன். கொழும்பில் நின்றாள். எனக்காக விட்டுக்கொடுத்தீங்கள் என்ற கதை எனக்கு வேண்டாம் மிஸ், உங்களுடையதை நீங்கள் கேளுங்கள் என்றாள். பிள்ளை நேரே பேசுகிறாள். வேறு வேலை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கும், இல்லாமலும் இருக்கும் என்றாள்.

ஜூன் 19, புதன்

பதில் வந்தது. ஏலாதாம். நான் வராவிட்டால் அன்னலட்சுமி விபத்தில் சிக்கி, முகத்துக்குச் சத்திரசிகிச்சை செய்து, வேறு முகத்தோடு வருவாளாம். ஆள்கூடப் பார்த்துவிட்டார்களாம்.

மாற்று என்றேன். என் குரலைத்தான் எடுத்தாய், மிச்சம் இருக்கிற முகத்தையும் எடு. அக்கா, யோசிச்சுக் கதையுங்கோ என்றான். யோசித்துத்தான் கதைக்கிறேன்.

போனை வைத்த பிறகு குசினிக்குள் போய் ஒரு பிளேட்டை உடைத்தேன். பழைய பிளேட்தான். இவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தும்புத்தடியை எடுத்துக் கூட்டினார்.

ஜூலை 15, திங்கள்

பார்க்கக்கூடாது என்றிருந்தேன். பார்த்தேன்.

கட்டுப் பிரிக்கிறார்கள். உள்ளே வேறு ஒருத்தி, என்னை விடப் பத்து வயது இளமை, புருவம் தீட்டியிருக்கிறது. மகன் "அம்மா" என்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள். அதே குரல்.

நான் போய்விட்டேன், றிஷானா இருக்கிறாள். அன்னலட்சுமி என்று சனத்துக்குத் தெரிந்தது கடைசியில் அவளைத்தான்.

இன்றுதான் அந்தக் குரலைக் கோபமில்லாமல் - இல்லை, கோபத்தோடுதான், ஆனால் அவளில் கோபமில்லாமல் - கேட்டேன். "மகனே" என்று சொல்வதற்கு முன் ஒரு சின்ன மூச்சு எடுக்கிறாள். அந்த மூச்சில் அத்தனை மாதத்து ஊமைத்தனமும் இருந்தது. அந்தப் புருவக்காரி ஒன்றும் செய்யவில்லை. செய்தது முழுக்க றிஷானா. இருட்டறைக்குள் ஒரு மைக்குக்கு முன்னால் நின்று செய்திருக்கிறாள். நடிகை.

2008இல் நடிப்புக்கு நல்ல புள்ளி போட்டேனாம். அதுவாவது சரியாகப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

குழுவைக் கூப்பிட்டேன். ஆறு பேர் மிச்சம். புது நாடகம்: காற்றுக்குப் படகு ஓடாத நாளில் மூதூர் இறங்குதுறையில் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்கள், இருவரும் இருக்க ஒரே ஒரு வாங்கு. எனக்கு ஒரு பாத்திரம். மற்றதற்கு றிஷானா என்றேன். டப்பிங் செய்கிற பிள்ளையா என்று முகம் சுளித்தார்கள். அவள் இல்லையென்றால் நாடகம் இல்லை என்றேன்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

றிஷானா போனில்: மேடையில் நிற்கிறதில்லை என்று முடிவெடுத்துக் கனகாலம், வசனத்தை அனுப்புங்கோ, வாசித்துப் பார்க்கிறேன். சம்மதம் என்று சொல்லவில்லை.

அவளுடைய பாத்திரத்தின் வசனங்களை எழுத உட்கார்ந்தேன். தோப்பூர்ப் பேச்சு என்று நான் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். பொய். கிழித்தேன். சம்பவத்தை மட்டும் எழுதி, அவள் பேசும் இடங்களை வெறுமையாக விட்டு அனுப்பினேன்.

ஓகஸ்ட் 24, சனி

முதல் ஒத்திகை. வாசிகசாலை மேல்மாடி. றிஷானா வந்தாள். விடுமுறைக்கு உம்மாவிடம் வந்த வழியில் வந்ததாகச் சொன்னாள்.

வாங்கில் இருந்தோம். என் வசனத்தைச் சொன்னேன். வெறுமையாக விட்ட இடத்தில் அவள் பதில் சொன்னாள். சென்னை. நிறுத்தினாள். திரும்பச் சொன்னேன். திரும்பவும் சென்னை, இன்னும் சுத்தமாக. மூன்றாம் தடவை ஒரு எழுத்தும் வரவில்லை. எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவசரமில்லை, ஊரில் எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல் பிள்ளை என்றேன்.

எழும்பிவிட்டாள். தாள்கள் நிலத்தில் விழுந்தன.

"அண்டைக்கு நீங்கதானே இந்தக் கதை மேடைக்கு ஆகாதெண்டு எழுதின. நான் அத நம்பி ஊட்டுலயும் வாயத் தொறக்காமத் திரிஞ்ச. இப்ப வந்து அதையே தா எண்டா, நான் எங்க போய் எடுத்துத் தாற? எனக்கு ஏலா. உடுங்க."

கீழே வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வந்தது எந்தப் பேச்சு என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது, அவளுக்குத்தான் பிந்தியது. வாயில் கையை வைத்தாள்.

அதுதான், அதேதான் என்று சொல்ல என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். புள்ளி போடுகிற வேலை எனக்கு இனி இல்லை. வாங்கில் என் பக்கத்தில் இருந்தேன்.

அவள் ஜன்னலடியில் போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு வந்து குனிந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். என் முகத்தைப் பார்க்காமலே வாங்கின் மற்றப் பக்கத்தில் இருந்து, "சொல்லுங்க, முதல்ல இருந்து" என்றாள்.

நாலு மணி வரைக்கும் செய்தோம். அவள் இன்னும் என்னோடு கோபமாகத்தான் இருக்கிறாள். பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூடப் போனேன், கதைக்கவில்லை. ஏறும்போது மட்டும், அடுத்த சனி ஒன்பது மணிக்கே தொடங்கலாமா என்று கேட்டாள்.